வாசலுக்கு வராத சேதி

கைக்கு எட்டுகிற கொத்துகளையெல்லாம் அழகேசன் முந்தின நாட்களிலேயே ஒடித்து முடித்திருந்தான். இன்று மரத்தில் ஏற வேண்டியதாகிவிட்டது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, குளத்தங்கரை வேம்பின் முதல் கவட்டையில் நின்று, கொழுந்தாகப் பார்த்து ஒடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். முற்றின இலை பிள்ளைகளின் முதுகில் குத்தும்.

யாரோ அடிமரத்தில் வந்து நின்றார்கள்.

"எறங்கி வாங்க மாப்ள. பாத்து எறங்குங்க."

அரியமுத்து. மனைவி சிந்தாமணிக்குச் சித்தப்பா மகன். அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர், அப்புறம் விக்கிரமங்கலம் பஸ் என்று மாறி மாறி வரவேண்டும். இந்த நேரத்துக்கு இங்கே நிற்கிறான் என்றால் இருட்டோடு கிளம்பியிருக்க வேண்டும். துண்டு தோளில் இல்லை, இடுப்பில் இருந்தது. அழகேசன் இறங்கி வந்தான்.

"வூட்டுப் பக்கம் போனேன். வாசல்ல வேப்பிலை செருகியிருந்திச்சு. அப்படியே திரும்பிட்டேன்" என்றான் அரியமுத்து. "பெட்டிக்கடையில கேட்டேன். நீங்க இங்க இருப்பீங்கன்னாங்க."

"பிள்ளைங்களுக்கு மணல்வாரி அம்மை மச்சான். மொதல்ல தனத்துக்கு. அப்புறம் சின்னவனுக்கும்."

அரியமுத்து தலையை ஆட்டினான். தரையில் கிடந்த கொத்து ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தான்.

"பெரியப்பா போயிட்டாரு மாப்ள."

அழகேசன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் அவனுக்குத் தோன்றியது துக்கம் இல்லை. சிந்தாமணி இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்பதுதான் தோன்றியது.

"எப்ப?"

"நேத்து வெளக்கு வைக்கிற நேரம். எந் தம்பி சாமிதுரைதான் கஞ்சி குடுத்துக்கிட்டு இருந்தான். ரெண்டு மடக்குக் குடிச்சாரு. வாயைத் தொடச்சுவிட்டுட்டு டம்ளரக் கீழ வச்சான். அவ்வளவுதான்." அரியமுத்து குளத்தைப் பார்த்தான். தண்ணீர் அடியில் ஒட்டிக் கிடந்தது. "கடைசி வரைக்கும் தங்கச்சியத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. பஸ்ஸு சத்தம் கேட்டாப் போதும், எட்டிப் பாக்கச் சொல்லுவாரு."

அழகேசன் குனிந்து கொத்துகளைப் பொறுக்கினான்.

"வெயில் காலம், வச்சிருக்க முடியாது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவாங்க. இப்ப வர்ற அரியலூர் பஸ்ஸப் புடிச்சா மூஞ்சியப் பாத்துரலாம். அதுக்கு அடுத்ததுன்னா மண்ணத்தான் பாக்கணும்."

"பிள்ளைங்க கெடக்குதே மச்சான்."

"அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டு நின்னேன்."

இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அம்மை கண்ட வீட்டில் யாரும் அழக்கூடாது. சாவுச் சேதி அந்த வாசலை மிதிக்கக்கூடாது. அங்கிருந்து சாவுக்குப் போனவர்கள், பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை திரும்பி உள்ளே வரக்கூடாது. மீறினால் முத்து உள்ளே அமுங்கிவிடும் என்பார்கள். அழகேசன் இதையெல்லாம் நம்புகிறானா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டான். ஆனால் போன வருஷம் வடக்குத் தெருவில் ஒருத்தி, அண்ணன் செத்த சேதி கேட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே படுத்திருந்த அவள் பிள்ளை மூன்றாம் நாள் மூச்சு வாங்கிப் போனது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அழகேசனும் ஒருவன். கைக்கு ஒரு கனமும் தெரியவில்லை. அது ஞாபகம் இருந்தது.

"வர்றதும் வராததும் தங்கச்சி இஷ்டம்" என்றான் அரியமுத்து. "வரலேன்னாலும் ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா சொல்லிருங்க."

"சொல்லிடறேன்."

"நீங்களாச்சும் வரலாம்."

"ரெண்டு பேருல யாரு போனாலும் இங்க ஆவாது மச்சான்."

"அதுவும் சரிதான்." அரியமுத்து இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, மறுபடி இடுப்பிலேயே கட்டிக்கொண்டான். "நான் பஸ்ஸுக்குப் போறேன். வர்றதா இருந்தா அங்க வரச் சொல்லுங்க. எடம் போட்டு வைக்கிறேன்."

அழகேசன் எதையும் வரிசையாக யோசிக்கிறவன். ரைஸ் மில்லில் அவன் அடுக்கிய மூட்டை சரிந்ததில்லை. கொத்துகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு நடக்கும்போதும் ஒன்றொன்றாக எடுத்து வைத்தான். சொன்னால் அழுவாள். அழுதால் பிள்ளைகளுக்கு ஆகாது. அழாமல் கிளம்பிப் போனாலும் சின்னவன் மாயவன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறவன், இந்தக் காய்ச்சலில் வேறெதையும் வாயில் வாங்கமாட்டேன் என்கிறான். எப்படிப் பார்த்தாலும் அவள் போக முடியாது. போக முடியாதவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூன்று நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொன்னால், வாய்விட்டு அழுதுகொள்வாள்.

எல்லாம் சரியாக வந்தது. சரியாக வந்ததே அவனுக்கு உறுத்தியது.

சாவுச் சேதி கேட்ட உடம்போடு உள்ளே போகக்கூடாது என்பதால் வழியில் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டில் கட்டின வேட்டியோடு முழுகினான். வேப்பங்கொத்துகளையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டான்.

வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் தரையில் பரப்பிய இலைமேல் வெள்ளை வேட்டியில் கிடந்தார்கள். சிந்தாமணி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்ததைத் தனத்தின் கையில் தடவிக்கொண்டிருந்தாள். அவள் தலையும் ஈரமாக இருந்தது. முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "என்ன, நீங்களும் காலையிலயே முழுக்கா?"

"வேர்த்துப் போச்சு. மரத்துல எறும்பு வேற."

"வேர்த்துச்சா, எறும்பு கடிச்சிச்சா?"

"ரெண்டுந்தான்."

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு மறுபடி தடவத் தொடங்கினாள்.

அவன் வாடின இலைகளை அள்ளி வெளியே கொண்டுபோய்ப் போட்டு, புதிதைப் பரப்பினான். மாயவனை ஒரு கையால் தூக்கி மறு கையால் இலையைச் சரிசெய்தபோது பிள்ளையின் உடம்பு கொதித்தது. முகம் முழுவதும் மணலை வாரி இறைத்த மாதிரி சிவப்புச் சிவப்பாக இருந்தது. கண்ணோரம் பீளை கட்டியிருந்தது.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"அரியலூர் பஸ்ஸு" என்றாள் சிந்தாமணி. கை நின்றிருந்தது. "அதுல ஏறுனா வெயில் தாழறதுக்குள்ள எங்கூருக்குப் போயிரலாம், இல்ல?"

"ஏன் இப்ப அதக் கேக்கற?"

"சும்மாதான்."

பஸ் நின்றிருக்கும். அரியமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைத்திருப்பான். கண்டக்டரிடம் கொஞ்சம் பொறுங்க என்று சொன்னாலும் சொல்வான். அழகேசன் விசிறியை எடுத்து விசிறினான். வழக்கத்தைவிட அதிக நேரம் பஸ் நின்றதுபோல் இருந்தது. பிறகு கிளம்பிய சத்தம் கேட்டது. அது தேய்ந்து அடங்கும்வரை அவள் தனத்தின் அதே முழங்கையில் மஞ்சளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாமனார் படுத்துவிட்டார் என்ற சேதி தை மாதமே வந்தது. அப்போது அறுப்பு. அறுப்பு முடியட்டும் என்றான். முடிந்ததும் மில்லில் இரவும் பகலும் வேலை. இவள் போய்விட்டால் வீட்டில் யார் ஆக்குவது? மாசியில் மாயவனுக்குப் பல் முளைத்து வயிற்றாலே போனது, பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம் என்றான். ஒவ்வொரு தடவையும் காரணம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் "சரி" என்றாள். மூன்றாம் தடவை பையில் துணிகூட எடுத்து வைத்திருந்தாள். அதை வெளியே எடுக்கவில்லை. பை மூலையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பங்குனியில் தனத்துக்கு உடம்பு சுட்டது.

மத்தியானம் தனம் கூழ் வேண்டாம் என்றாள். வாயெல்லாம் புண்.

"அப்பளம் வேணும்."

"ஆத்தா வந்திருக்கா, எண்ணெய் காயக்கூடாதும்மா" என்றான் அழகேசன்.

"ஆத்தாவுக்கு அப்பளம் புடிக்காதாப்பா?"

"புடிக்கும். எண்ணெய் வாசந்தான் புடிக்காது."

தனம் யோசித்தாள். "அப்ப எப்படிப் பொரிச்சுத் திங்கும்?"

அழகேசன் சிந்தாமணியைப் பார்த்தான். இந்த மாதிரிப் பேச்சுக்கு அவள்தான் முதலில் சிரிப்பாள். பிள்ளை சொன்னதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வருவாள். இப்போது மாயவனுக்குப் பால் கொடுத்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். பிள்ளை இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு மூக்கடைத்து வாயை எடுத்தான். அவள் காத்திருந்து மறுபடி கொடுத்தாள்.

"எங்கப்பாவுக்கு அம்மை வந்ததே இல்லியாம்" என்றாள். "ஊரே படுத்துக் கெடந்தப்ப அது மட்டும் மாட்டு வண்டியில எளநீ ஏத்திக்கிட்டு வந்து வூட்டுக்கு வூடு எறக்கிப் போட்டுச்சாம். எங்கம்மா இருந்தப்ப சொல்லும்."

"ம்."

"இப்ப எப்படி இருக்குதோ."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தபடி கேட்டாள். விசிறி அவன் கையில் ஒரு முறை நின்று மறுபடி ஓடியது.

"நல்லாத்தான் இருப்பாரு" என்றான்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதுவரை அவன் சொல்லாமல் மட்டும்தான் இருந்தான்.

வெயில் கொஞ்சம் சாய்ந்தபோது கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் அவன் அக்கா வீரம்மாள் வந்து நின்றாள். அம்மை வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது என்பதால் நாள்தோறும் இளநீரை வேலிக்கு மேலாகத்தான் கொடுப்பாள். இரண்டு இளநீரைக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பிள்ளைக்கு ஏதும் கூடிப்போச்சா?"

குரலைத் தாழ்த்திச் சொன்னான். வீரம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"நல்ல மனுசன். போன வருசம் பொங்கலுக்கு வந்தப்பகூட என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் போனாரு." உடனே உள்பக்கம் எட்டிப் பார்த்தாள். "அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லிராத. தண்ணி ஊத்தற வரைக்கும் வாயத் தொறக்காத. பிள்ளைங்க பொழைக்கணும். நீ செஞ்சதுதான் சரி."

சரி என்று வேறொருவர் வாயால் கேட்டதும் காலையிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவனுக்குள் தளர்ந்தது.

"அவ போயிருந்தா பதினாறு முடிஞ்சுதான் வருவா" என்றாள் வீரம்மாள். "அதுவரைக்கும் நீ என்னத்தத் திம்ப? போன தடவ அவ பொறந்த வூட்டுக்குப் போனப்ப என்ன பண்ணுன? வடிக்கிறேன்னு சோத்தக் கொல்லையில கொட்டிட்டு கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்தவன்தானே."

"தட்டு நழுவிப் போச்சுக்கா."

"நழுவும், நழுவும். மறுநா காலையில அந்தக் கோழிவ எல்லாம் தின்னு தின்னு நடக்க மாட்டாம நடந்துச்சுவ பாரு!"

அழகேசன் சிரித்துவிட்டான். சிரிப்பு அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. நிறுத்த முயன்றபோது இன்னொரு தடவை வந்தது. வீரம்மாளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு இரண்டு பேருமே நிறுத்தி, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

உள்ளே வந்து இளநீரை வெட்டினான். சிந்தாமணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டாள். "அக்கா வந்திருந்திச்சு" என்றான். அவள் டம்ளரைத் தனத்தின் வாயருகே கொண்டுபோனாள்.

பொழுது சாயச் சாய மாயவனின் சூடு தணிந்தது. அழகேசன் நம்பாமல் நெற்றியில், கழுத்தில், வயிற்றில் என்று புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தான். வேர்வை கசிந்திருந்தது. காதோரச் சிவப்பு மங்கத் தொடங்கியிருந்தது. தனம் எழுந்து உட்கார்ந்து, தன் கையில் காய்ந்த மஞ்சளை உரித்துக்கொண்டிருந்தாள். ஆத்தா இறங்குகிறாள். சொல்லாமல் இருந்தது வீண்போகவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிந்தாமணி மஞ்சள்நீரை வீட்டின் நான்கு மூலையிலும் தெளித்துவிட்டு விளக்கை ஏற்றினாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும், இல்ல?"

"எது?"

"அரியமுத்து அண்ணன் எதுக்கு வந்துட்டுப் போச்சோ, அது."

குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். அழகேசன் அவள் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா?"

"தட்டி இடுக்குல பாத்தேன். வேப்பிலையப் பாத்துச்சு, துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு அப்படியே திரும்பிடுச்சு. நல்ல சேதின்னா வாசல்ல நின்னு தங்கச்சின்னு கூப்பிட்டிருக்கும்."

காலையில் அவள் தலை ஏன் ஈரமாக இருந்தது என்பது இப்போதுதான் விளங்கியது. அவன் பம்புசெட்டில் முழுகிய நேரத்தில் அவளும் கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நாள் முழுவதும் அவள் கேட்டவை ஒவ்வொன்றாக அவனுக்குத் திரும்பி வந்தன. பஸ். இளநீர் வண்டி. இப்ப எப்படி இருக்குதோ.

"பிள்ளைங்களுக்காகத்தான் சிந்தாமணி..."

"தெரியும். நானும் அதுக்காகத்தான் நேரா கேக்கல. கேட்டா நீங்க சொல்லணும். சொன்னா நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியல." மாயவனின் மேல் வேட்டியை இழுத்துவிட்டாள். "ஆனா நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். மெதுவா, காதோட சொல்லியிருந்தா, தாங்கியிருப்பேன்."

"போறேன்னு சொல்லிருவியோன்னு..."

"இவன இப்படிப் போட்டுட்டு எங்க போறது? போயிருக்க மாட்டேன்." முதல் தடவையாகக் குரல் கொஞ்சம் ஏறியது. உடனே பிள்ளையைப் பார்த்துத் தாழ்த்திக்கொண்டாள். "போவலேன்னு நான் சொல்லியிருப்பேன். எங்கப்பனுக்கு வரலேன்னு நான்தானே சொல்லணும்? நீங்க என்னன்னு சொல்லி அனுப்புனீங்க? அவ வரலேன்னா? நான் அனுப்பலேன்னா?"

அழகேசன் யோசித்தான். இரண்டையும் அவன் சொல்லவில்லை. சொல்லிடறேன் என்று மட்டும்தான் சொன்னான். அரியமுத்து துண்டு போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே போயிருப்பான். அங்கே போய் என்ன சொல்லியிருப்பான்? சொல்லி அனுப்புனேன், தங்கச்சி வரல. வேறென்ன சொல்ல முடியும்?

அவன் முகத்திலிருந்தே அவள் தெரிந்துகொண்டாள்.

"ஊரு அப்படித்தான் பேசும். பேசட்டும்" என்றாள். "நீங்க சொல்லாம விட்டதக்கூட நான் என்னைக்காவது மறந்துருவேன். கொல்லையில சிரிச்சீங்க. வெயில் தாழ்ந்த நேரம். அப்பத்தான் தூக்கியிருப்பாங்க."

"அது அக்கா ஏதோ..."

"கோழி கதைதானே. கேட்டுச்சு."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். பிள்ளைகளுக்காகத்தான் சொல்லவில்லை என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து அடுக்கிப் பார்த்தான். காலையில் சரியாக வந்தது இப்போது வரவில்லை. அறுப்பையும் பல் முளைத்ததையும் காரணம் சொன்ன மாதிரியே இதற்கும் ஒன்று சொல்லிக்கொண்டானா? அவள் போய்விட்டால் இந்த வீட்டில் தான் என்ன செய்வோம் என்ற பயம் அதில் எவ்வளவு? அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"கொல்லைப் பக்கம் போயி, வாய்க்கால் வரைக்கும் போயி ஒரு தடவ அழுதுட்டு வந்துரு" என்றான் கடைசியில். "பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவனுக்குத் தேவலை. தெருவில் வழி கேட்கிற அசலூர்க்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவள் கண் காய்ந்திருந்தது. மூன்று நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அது அப்படியேதான் இருக்கும் என்று ஏனோ அவனுக்குத் தோன்றியது.

கூழை மூன்று கிண்ணத்தில் ஊற்றி, உரித்த வெங்காயத்தை ஓரத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றைத் தனத்தின் முன் வைத்தாள். இன்னொன்றை வாசற்படிக்கும் தனக்கும் நடுவில் தரையில் வைத்தாள். அழகேசன் கையை நீட்டினால் எட்டும்.

"தனம், அப்பாவச் சாப்பிடச் சொல்லு."

தனம் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, உன்னைய சாப்பிடச் சொல்லுது."

"பசிக்கல" என்றான் அழகேசன், சிந்தாமணியைப் பார்த்து.

சிந்தாமணி மாயவனை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, காது கேளாதவள்போல் ரவிக்கையைத் தளர்த்தினாள். தனம் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள்.

"பசிக்கலியாம்மா" என்றாள்.

"பசிக்கலேன்னாலும் ரெண்டு வாய் குடிக்கச் சொல்லு. வச்சிருந்தா புளிச்சுப் போயிரும்னு சொல்லு. கிண்ணத்தக் கழுவிக் கவுத்துட்டுப் படுக்கச் சொல்லு."

தனம் வாய்ப்புண்ணோடு எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். "இவ்ளோ பெரிசா சொன்னா எப்படிம்மா? எது மொதல்ல?"

"ஒண்ணொண்ணாச் சொல்லு."

தனம் இலைமேல் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். படுத்துப் படுத்துச் சலித்துப் போயிருந்த பிள்ளைக்கு இத்தனை நாள் கழித்து ஒரு வேலை கிடைத்திருந்தது. விரலை மடக்கி மடக்கி அப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அவன் என்ன சொல்லப் போகிறான், அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் சேர்க்கலாம் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.